கண்ணாடி அறை வெயிலை நம்பலாமா?

ஐப்பசி மாதம் வந்துவிட்டால் ஹம் நகரில் உள்ள எம்மவர் வீடுகளில் ஒரு வேலை தவறாமல் நடக்கும். கோடை முழுவதும் பல்கணியிலோ தோட்டத்திலோ நின்ற கறிவேப்பிலைச் சாடியைத் தூக்கி வீட்டுக்குள் வைப்பதுதான் அது. ஒரு இரவு உறைபனி பட்டாலே போதும், ஐந்து வருடமாகப் பிள்ளை போல வளர்த்த மரம் கருகிப் போய்விடும்.

இதே வேலையை முந்நூறு வருடங்களுக்கு முன்னர் ஐரோப்பாவின் அரசர்களும் செய்தார்கள். தோடை மரங்களையும் எலுமிச்சை மரங்களையும் பெரிய சாடிகளில் வளர்த்து, குளிர்காலத்தில் அவற்றை வைப்பதற்கென்றே உயர்ந்த யன்னல்கள் கொண்ட மண்டபங்களைக் கட்டினார்கள். தோடைக்காகக் கட்டியதால் அதற்கு ஒரஞ்சரி என்று பெயர் வந்தது. பிரான்சின் வெர்சாய் அரண்மனை ஒரஞ்சரி 1684 முதல் 1686 வரை கட்டப்பட்டது. இங்கே ஜேர்மனியில், பொட்ஸ்டாம் நகரில் உள்ள ஒரஞ்சரி அரண்மனை 1851 முதல் 1864 வரை கட்டப்பட்டது. அந்த மண்டபங்களின் பேரப்பிள்ளைதான் இன்று வீடுகளின் பின்பக்கத்தில் ஒட்டிக் கட்டப்படும் விண்டர்கார்ட்டன் என்னும் கண்ணாடி அறை.

சொந்த வீடு வாங்கிய எம்மவர் பலர் இப்போது இந்தக் கண்ணாடி அறையைப் பற்றிக் கதைக்கிறார்கள். "அம்மா அப்பா வயதுபோய்விட்டார்கள், குளிருக்குள் வெளியே போகமுடியாது, இருந்த இடத்திலேயே வெயில் காயட்டும்" என்பதுதான் பெரும்பாலானோர் சொல்லும் காரணம். நல்ல மனதோடு சொல்லப்படும் காரணம். நாமும் அதையே சொல்லித்தான் எமது வீட்டில் கட்டினோம். அதனால்தான் இந்தச் சுகாதாரப் பக்கத்தில் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்தோம்.

எமது அனுபவம்

யாழ்ப்பாணத்து விறாந்தையில் இருந்து பழகியவர் எமது அம்மா. வெற்றிலைத் தட்டத்தோடு அங்கே இருந்துகொண்டு றோட்டால் போகிற வருகிற எல்லோருடனும் கதைப்பார். அவருக்கு இங்கேயும் ஒரு விறாந்தை கட்டிக் கொடுக்கிறோம் என்று எமக்குப் பெருமை. வீட்டுக்கடனோடு இன்னொரு கடனும் சேர்ந்தது. தெற்குப் பக்கமாக அறை எழும்பியது. கதிரை போட்டோம், கறிவேப்பிலையை வைத்தோம், அம்மாவையும் இருத்தினோம்.

இரண்டு குளிர்காலம் அம்மா அதற்குள் இருந்தார். இரண்டாவது குளிர்காலம் முடியும்போது தொடையிலும் இடுப்பிலும் நோவு என்றார். படி ஏறக் கஷ்டப்பட்டார். சுவாமிப் படத்துக்கு முன்னால் நிலத்தில் இருந்தால் சுவரைப் பிடிக்காமல் எழும்ப முடியவில்லை. வயது என்று நாம் நினைத்தோம். எண்ணெய் தேய்த்தோம்.

குடும்ப வைத்தியர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். வைட்டமின் டி மிகவும் குறைந்திருந்தது. "அம்மா வெளியில் போவது உண்டா?" என்று கேட்டார். "வெளியில் போவது குறைவுதான், ஆனால் நாள் முழுக்கக் கண்ணாடி அறையில் வெயிலில்தான் இருக்கிறார்" என்று சற்றுப் பெருமையோடு சொன்னோம். வைத்தியர் தலையை ஆட்டினார். அன்றைக்கு அவர் சொன்னது கட்டுவதற்கு முன்னரே எமக்குத் தெரிந்திருக்க வேண்டிய விடயம்.

வெயில் வேறு, வெளிச்சம் வேறு

சூரியனில் இருந்து வருவது ஒரே விதமான கதிர் அல்ல. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் உண்டு. உடம்பில் சூடாக உணரும் கதிர் உண்டு. இவற்றைத் தவிரக் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களும் உண்டு. அதில் பி வகைக் கதிர் தோலில் பட்டால்தான் எமது உடம்பு வைட்டமின் டியை உண்டாக்கும். சாதாரண யன்னல் கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும், சூட்டையும் விடும். ஆனால் இந்த பி வகைக் கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். ஆகவே கண்ணாடிக்குள் இருந்து எத்தனை மணித்தியாலம் வெயில் காய்ந்தாலும் உடம்பு சூடாகுமே தவிர எலும்புக்கு ஒன்றும் கிடையாது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விடயமும் அல்ல. 1919இல் பேர்லினில் குர்ட் ஹுல்ட்சின்ஸ்கி என்ற குழந்தை வைத்தியர், கால் வளைந்த என்புருக்கி நோய்க் குழந்தைகளைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்துக் குணப்படுத்திக் காட்டினார். அவர் பயன்படுத்திய விளக்கு குவார்ட்ஸ் என்னும் படிகத்தால் ஆனது. சாதாரண கண்ணாடியில் செய்த விளக்கென்றால் அந்தக் கதிர் வெளியே வந்திராது. இந்த வைட்டமினின் வேதியியலை ஆராய்ந்த கோட்டிங்கன் பல்கலைக்கழகத்து அடோல்ஃப் விண்டவுஸ் 1928இல் நோபல் பரிசு பெற்றார். நூறு வருடமாகத் தெரிந்த ஒன்றை, கடன் எடுத்துக் கண்ணாடி போட்ட பிறகுதான் நாம் அறிந்தோம்.

பச்சைக் குழந்தையைக் காலை வெயிலில் காட்டுவது எமது பழக்கம். இங்கே குளிர் என்று யன்னல் கண்ணாடிக்குப் பக்கத்தில் தொட்டிலைப் போட்டு வெயில் காட்டுகிறோம் என்று நினைப்பவர்கள் உண்டு. அதிலும் இதே பிழைதான். பிறந்த குழந்தைக்குச் சிறுபிள்ளை வைத்தியர் எழுதிக் கொடுக்கும் வைட்டமின் டி குளிசையையோ துளியையோ, "நாங்கள் வெயில் காட்டுகிறோம்" என்று சொல்லி நிறுத்திவிட வேண்டாம்.

நிழலை அளந்து பாருங்கள்

அப்படியானால் குளிர்காலத்தில் கண்ணாடி அறையின் யன்னலைத் திறந்துவிட்டு வெயிலில் இருந்தால் சரியா என்று சிலர் கேட்கலாம். அதுவும் சரிவராது. காரணம் சூரியன் நிற்கும் உயரம்.

மார்கழி நடுப்பகலில் ஹம் நகரில் ஒரு வெட்ட வெளியில் நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். உங்கள் உயரத்தைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல் நீண்டு கிடக்கும். அதே நாளில் யாழ்ப்பாணத்தில் நடுப்பகலில் நின்றால் நிழல் உங்கள் உயரத்திலும் குறைவாகவே இருக்கும். சூரியன் தாழ்ந்து நிற்கும்போது கதிர்கள் காற்று மண்டலத்தில் நீண்ட தூரம் பயணம் செய்து வருகின்றன. பி வகைக் கதிர் வழியிலேயே வடிகட்டப்பட்டுப் போகிறது. ஜேர்மனியில் ஏறக்குறைய ஐப்பசி முதல் பங்குனி வரை வெளியே நின்றாலும் உடம்பால் போதிய வைட்டமின் டியை உண்டாக்க முடியாது. கோடையில் சேமித்ததை வைத்துத்தான் குளிர்காலத்தைக் கடக்க வேண்டும்.

கோடையில் சேமிப்பதிலும் எமக்கு ஒரு சிரமம் இருக்கிறது. எமது தோலின் கறுப்பு நிறம் இயற்கை தந்த குடை. யாழ்ப்பாணத்து வெயிலுக்கு அது காப்பு. இங்கே அந்தக் குடையே கொஞ்ச வெயிலையும் மறைக்கிறது. வெள்ளைத் தோல் உள்ளவருக்குச் சில நிமிடங்கள் போதும் என்றால் எமக்கு அதைவிடக் கூடிய நேரம் வேண்டும். வயது போகப் போகத் தோல் வைட்டமின் டி உண்டாக்கும் திறனும் குறைகிறது. சேலை, கம்பளிச் சட்டை, தலைக்குத் துண்டு என்று மூடிக்கொண்டு போனால் வெயில் படுவதற்கு முகம் மட்டும்தான் மிச்சம். கொழுப்பு மீன்களான ஹேரிங், சாமன், மக்றல் போன்றவற்றில் இந்த வைட்டமின் உண்டு. மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கு அந்த வழியும் குறைவு.

இது எமக்கு மட்டும் வந்த கதையும் அல்ல. 1960களில் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் குடியேறிய தெற்காசியக் குடும்பங்களில் எலும்பு மென்மையாகும் நோய் இருப்பதை அங்குள்ள வைத்தியர்கள் கண்டு எழுதினார்கள். 1979இல் அந்த நகரில் பிள்ளைகளுக்கு இலவசமாக வைட்டமின் டி கொடுக்கும் இயக்கம் தொடங்கப்பட்டது. வெயில் நாட்டில் இருந்து குளிர் நாட்டுக்கு வந்த எல்லோருக்கும் பொதுவான பிரச்சினை இது.

அப்படியானால் கண்ணாடி அறை வீணா?

இல்லை. அப்படிச் சொன்னால் அதுவும் நியாயம் அல்ல. எலும்புக்கு உதவாத அந்த அறை மனதுக்கு உதவுகிறது.

தென்னாபிரிக்காவில் இருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த நோர்மன் ரோசந்தால் என்ற மனநல வைத்தியர், குளிர்காலம் வந்ததும் தனக்கே உற்சாகம் குறைவதைக் கவனித்தார். அவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1984இல் குளிர்கால மனச்சோர்வு என்பதை ஒரு நோயாக விவரித்தார்கள். அதற்கு மருந்து வெளிச்சம். காலையில் பத்தாயிரம் லக்ஸ் அளவு வெளிச்சம் தரும் விளக்கின் முன் அரை மணித்தியாலம் இருக்கச் சொல்கிறார்கள். எமது வீட்டு மண்டப விளக்கு சில நூறு லக்ஸைத் தாண்டாது. முகில் மூடிய குளிர்கால நாளிலும் வெளியே அதைப்போலப் பல மடங்கு வெளிச்சம் இருக்கும். இந்த வெளிச்சம் கண் வழியாக வேலை செய்கிறது. அதற்குக் கண்ணாடி பெரிய தடை இல்லை.

மார்கழியில் ஹம் நகரில் பகல் எட்டு மணித்தியாலம்கூட இல்லை. இருட்டு அறையில் தொலைக்காட்சிக்கு முன்னால் பகல் முழுக்க இருந்துவிட்டு இரவு நித்திரை வரவில்லை என்று சொல்லும் முதியவர்கள் எத்தனை பேர்? காலையில் ஒரு மணித்தியாலம் வெளிச்சமான இடத்தில் இருந்தால் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசம் உடம்புக்குத் தெரியும். எமது அம்மாவின் நித்திரை அந்த அறையில் இருக்கத் தொடங்கிய பிறகு திருந்தியது உண்மை. அதை நாம் மறைக்கவில்லை.

ஆனால் இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். விறாந்தை என்பது கூரையும் தூணும் மட்டும் அல்ல. போகிற வருகிற ஆட்களும் சேர்ந்ததுதான் விறாந்தை. வீட்டின் பின்பக்கத்தில் கண்ணாடிக்குள் தனியே இருந்த அம்மாவுக்குக் கதைக்க ஒருவரும் இல்லை. "அறை கட்டிக் கொடுத்துவிட்டோம்" என்று நாமும் வெளியே கூட்டிக்கொண்டு போவதைக் குறைத்துவிட்டோம். கட்ட முதல் மாதம் இரண்டு தரமாவது மாக்சிமிலியான் பூங்காவுக்குப் போவோம். 1984இல் தோட்டக் கண்காட்சிக்காகப் பழைய நிலக்கரிச் சுரங்கக் கட்டடத்தை மாற்றிச் செய்த கண்ணாடி யானையைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவார். கட்டிய பிறகு அதுவும் நின்றுபோனது. கண்ணாடி அறை எமது அம்மாவுக்குக் கெடுதல் செய்தது என்றால் இந்த வழியால்தான் செய்தது.

கோடையும் பூஞ்சணமும்

கட்டுவதற்கு முன்னர் யோசிக்க வேண்டிய வேறு இரண்டு விடயங்களும் உண்டு.

முதலாவது, கோடை வெப்பம். 2019 யூலை 25ஆம் திகதி எமது மாநிலத்தில் டூயிஸ்பூர்க் பகுதியில் 41.2 பாகை வெப்பம் பதிவானது. வெளியே முப்பது பாகை இருக்கும் நாளிலேயே மூடிய கண்ணாடி அறைக்குள் நாற்பதைத் தாண்டும். முதியவர்களுக்குத் தாகம் தெரிவது குறைவு. இரத்த அழுத்தத்துக்கும் இருதயத்துக்கும் குளிசை எடுப்பவர்களுக்கு அந்தச் சூடு ஆபத்து. கண்ணாடியின் உள்பக்கத்தில் திரை போடுவதால் பெரிய பலன் இல்லை, சூடு ஏற்கெனவே உள்ளே வந்துவிடும். வெளிப்பக்கத்தில் மறைப்பு வேண்டும். கீழே ஒரு திறப்பும் மேலே ஒரு திறப்பும் இருந்தால் சூடான காற்று மேலால் வெளியேறும்.

இரண்டாவது, பூஞ்சணம். எமது சமையலில் நீராவி அதிகம். சோறு வடிப்பது, புட்டு அவிப்பது, குழம்பு கொதிப்பது எல்லாம் சேர்ந்து ஈரக் காற்றாகிறது. சூடாக்காத கண்ணாடி அறையின் கதவைத் திறந்து வைத்தால் அந்த ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் போய்த் தண்ணீராக வழியும். அதற்குள்ளேயே உடுப்பும் காயப்போட்டால் சொல்லவே வேண்டாம். சில வாரங்களில் மூலைகளில் கறுப்புப் படியும். தொய்வு உள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது இருமலையும் இழுப்பையும் கூட்டும். சமைக்கும்போது கதவைச் சாத்துவது, நாளுக்கு இரண்டு மூன்று தரம் யன்னல்களை முழுவதுமாகச் சில நிமிடம் திறந்து காற்றை மாற்றுவது, உடுப்பை வேறு இடத்தில் காயப்போடுவது ஆகிய மூன்றையும் செய்யாமல் கண்ணாடி அறை வைத்திருக்கக் கூடாது.

எமது கருத்து

வசதி இருந்தால் கட்டுங்கள். பிள்ளைகள் படிக்கவும், காலையில் தேநீர் குடிக்கவும், கறிவேப்பிலை பிழைக்கவும் நல்ல இடம். கட்டுவதானால் நகரசபையின் கட்டட அலுவலகத்தில் அனுமதி பற்றி முதலிலேயே எழுத்தில் கேளுங்கள். விற்க வருபவரின் வாய்ச் சொல்லை நம்பி அத்திவாரம் போட வேண்டாம். குளிர்காலத்திலும் சூடாக்கி வாழும் அறையாகக் கட்டினால் சக்திச் சேமிப்புச் சட்டத்தின் விதிகளும் வரும், சூடாக்கும் செலவும் வரும். கூரைக்கு உடைந்தாலும் தலையில் விழாத பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். முதியவருக்காகக் கட்டினால் வாசற்படி உயரம் இல்லாமல் கட்டுங்கள், காலைச் சூரியன் வரும் பக்கத்தைப் பாருங்கள்.

ஆனால் "அம்மாவின் சுகத்துக்காக" என்று சொல்லிப் பத்தாயிரக்கணக்கான யூரோவைக் கடனாக எடுக்க வேண்டாம். அம்மாவின் எலும்புக்கு வேண்டியது அதைவிட மிகவும் மலிவானது.

கோடையில் உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில், முகமும் கைகளும் வெயில் படும்படி வாரத்தில் இரண்டு மூன்று தரம் வெளியே நடக்க வேண்டும். தோல் எரியும் அளவுக்கு நிற்கக் கூடாது, நீண்ட நேரம் நிற்பதானால் நிழலும் தொப்பியும் வேண்டும். ஹம் காமாட்சி அம்பாள் ஆலயத் தேர்த் திருவிழா அன்று மணிக்கணக்காக வெயிலில் நிற்கும் எமக்கு, மற்ற நாட்களில் கால்வாய்க் கரையில் அரை மணித்தியாலம் நடப்பது முடியாத காரியமா?

குளிர்காலத்தில் வைத்தியரிடம் கேட்டுக் குளிசை எடுக்கலாம். வெயில் கிடைக்காதவர்களுக்கு ஒரு நாளைக்கு 20 மைக்ரோகிராம், அதாவது 800 அலகு வேண்டும் என்று ஜேர்மன் ஊட்டச்சத்துச் சங்கம் 2012இல் அறிவித்தது. அதற்கு மேல் வேண்டுமா என்பதை இரத்தப் பரிசோதனை சொல்லும். லீற்றருக்கு 30 நனோமோலுக்குக் கீழே என்றால் பற்றாக்குறை, 50க்கு மேல் என்றால் போதும். கூடினால் நல்லதுதானே என்று நினைத்து, வைத்தியர் வாரத்துக்கு ஒன்று என்று எழுதிக் கொடுத்த இருபதாயிரம் அலகுக் குளிசையை நாளுக்கு ஒன்றாக விழுங்கினால் இரத்தத்தில் கல்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கப்படும். அடுத்த வீட்டு அக்கா எடுக்கிறார் என்பதற்காக நீங்கள் எடுக்க வேண்டாம்.

படி ஏறத் தொடை நோகிறது, நிலத்தில் இருந்து எழும்பக் கைப்பிடி வேண்டியிருக்கிறது, நடை ஆடி ஆடி வருகிறது என்று வீட்டில் உள்ள பெரியவர்கள் சொன்னால், அதை வயது என்று தள்ளிவிடாமல் ஒருமுறை வைத்தியரிடம் காட்டுங்கள். எமது அம்மாவுக்குச் சில மாத மருந்தோடு நடை திரும்பியது. இன்றைக்கும் நிலத்தில் இருந்து மெதுவாகத்தான் எழும்புகிறார், ஆனால் சுவரைப் பிடிப்பதில்லை.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள் எமது பெரியவர்கள். அவர்கள் சொன்ன சுவர் உடம்பு. நாமோ உடம்பை மறந்துவிட்டுக் கண்ணாடிச் சுவர் எழுப்பினோம். இப்போது எமது கண்ணாடி அறையில் இருக்கும் கதிரையை விட, அந்த அறையின் தோட்டப் பக்கக் கதவுதான் எமக்கு முக்கியம். வெயில் வந்தால் அந்தக் கதவைத் திறந்து அம்மாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போகிறோம். கறிவேப்பிலைச் சாடியும் சித்திரை கடந்து பனி விட்டதும் அதே கதவால் வெளியே வருகிறது. வீட்டுக்கு வெளியே போகவேண்டியது மரத்துக்குத் தெரிகிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் வருகிற ஞாயிற்றுக்கிழமை வெளியே கூட்டிக்கொண்டு போங்கள்.